நன்முல்லை என்றொரு பெயர்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழ்க் கவிஞர் ஒருவரின் வீடு தேடி வருவோர் பெரும்பாலும் மூவகையினர். வாழ்த்துப்பா வேண்டி வருவோர், அணிந்துரை வேண்டி வருவோர், பிறந்த குழந்தைக்குப் பெயர் வேண்டி வருவோர். முதல் இருவகையினரைத் தவிர்க்கும் வழிகளைக் கவிஞர்கள் கண்டு வைத்திருக்கிறார்கள். மூன்றாமவரைத் தவிர்க்க எவருக்கும் மனம் வருவதில்லை. பிறந்தது பெண்மகவாயின் கேள்வி பாதி விடையோடு வந்துவிடுகிறது. பூப்பெயராக இருக்க வேண்டும், தமிழாக இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும். கவிஞரும் மலர்விழி, மலர்க்கொடி, பூங்கொடி, பூங்குழலி, பூவிழி என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறார். வந்தவர்கள் ஒன்றைத் தேர்ந்து, பழத்தட்டை வைத்து வணங்கிச் செல்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் செடி எங்கே இருக்கிறது என்பதே இவ்வுரையின் கேள்வி. மலர் என்றால் எதன் மலர்? கொடி என்றால் எந்தக் கொடி? முல்லையும் கொடி, பாகலும் கொடி. நிலத்துக்குச் செடியின் பெயர், ஒழுக்கத்துக்குச் செடியின் பெயர், போருக்கும்கூடச் செடியின் பெயர் என்று வாழ்ந்த மொழி இது. வெட்சியும் கரந்தையும் வஞ்சியும் காஞ்சியும் நொச்சியும் உழிஞையும் தும்பையும் வாகையும் மறவர் தலையில் ஏறிய பூக்கள். அத்தகைய மொழியில் பெண்ணுக்குப் பெயரிடும் வேளையில் மட்டும் செடி தன் தனிப்பெயரை இழந்து பொதுப்பெயராகி நிற்பது எவ்வாறு நேர்ந்தது? பெயர் கேட்டு வருவோருக்குப் பெயரைத் தருமுன் செடியைத் தர வேண்டும் என்னும் கருத்தை இந்த அவையின் முன் வைப்பதற்கு, இலக்கியத்திலிருந்தே சில சான்றுகளைக் காண்பது தகும்.

பூக்களின் பெயரைத் தமிழில் தேடப் புகுவோர் முதலில் போய் நிற்கும் இடம் குறிஞ்சிப்பாட்டு. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குக் கபிலர் பாடியது அது என்பது வழிவழிச் செய்தி. தினைப்புனம் காக்கும் மகளிர் அருவியாடிப் பூப்பறித்துப் பாறையில் குவிக்கும் இடத்தில் 99 பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு வருகின்றன. மாணவப் பருவத்தில் அதை மனப்பாடம் செய்து மூச்சு வாங்கியவர்கள் இந்த அவையிலும் பலர் இருப்பார்கள்.

அந்தப் பட்டியலைப் பெண்பெயர் என்னும் ஒரே நோக்கோடு படித்துப் பார்த்தால் கிடைக்கும் கணக்கு சற்று வியப்பானது. முல்லை, தாமரை, குறிஞ்சி, சண்பகம், வள்ளி ஆகியவை நேரே பெயராகியிருக்கின்றன. துழாய் துளசியாகவும், வகுளம் வகுளாவாகவும், குருக்கத்தி மாதவியாகவும், மருதம் மருதாயியாகவும் வேடம் மாற்றிக்கொண்டு தொட்டிலுக்கு வந்திருக்கின்றன. இன்னும் தேடினால் இரண்டொன்று கூடும். எஞ்சியவை வரவே இல்லை. சிலவற்றுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவரையும் வாழையும் அந்த 99-இல் அடக்கம். எந்தத் தாயும் மகளை ‘அவரை’ என்று அழைக்கத் துணியமாட்டாள். ‘கொடி’ என்று அழைக்க மட்டும் தயங்கமாட்டாள். ஆயினும் தளவம், ஞாழல், பிடவம், அதிரல், மௌவல், கருவிளை என்று செவிக்கு இனிய பெயர்கள் அங்கேயே காத்துக் கிடக்கின்றன. கருவிளை என்பது வேலிகளில் நீலமாகப் படர்ந்திருக்கும் சங்குப்பூக் கொடிதான். அதே கொடிக்கு வடமொழியார் ‘வெல்லப்படாதவள்’ என்று பொருள்படும் அபராஜிதா என்ற பெயரை இட்டு, அதையே பெண்களுக்கும் சூட்டி மகிழ்கிறார்கள். தமிழர் வீட்டு வேலியில் அது பூத்துக்கொண்டே இருக்கிறது. தமிழர் வீட்டுப் பிள்ளைக்குப் பெயராகவில்லை.

கபிலரைப் பற்றிய பேச்சு எழுந்தபின் இன்னொன்றையும் சொல்லாமல் கடக்க இயலாது. குறிஞ்சிப்பாட்டின் கபிலரும் பாரியின் நண்பர் கபிலரும் ஒருவரே என்று மரபு கொள்கிறது. பாரி இறந்தபின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு, மணம் செய்விக்க வேண்டி, விச்சிக்கோன் முன்னும் இருங்கோவேள் முன்னும் நின்றவர் அவர். முல்லைக் கொடிக்குத் தேர் தந்த வள்ளலின் மக்கள் அப்பெண்கள். அவர்கள் பாடிய பாட்டு புறநானூற்றில் 112-ஆம் பாட்டாக இருக்கிறது; தமிழில் அதனினும் துயர் மிக்க சிறுபாட்டு வேறொன்று உண்டா என்று கேட்கத் தோன்றும். பாடியவர் யார் என்று நூல் சொல்வது ‘பாரி மகளிர்’ என்று மட்டுமே. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால வழக்கில் வந்து சேர்ந்தவை. மலையிலிருந்த 99 பூக்களுக்கும் பெயர் தப்பாமல் கிடைத்திருக்கிறது. பறம்புமலைக்குரியவன் மக்கள் இருவருக்கும் கிடைக்கவில்லை.

இதைக் கபிலர் மேல் குறையாகச் சொல்வது முறையன்று. ஏடு தொகுத்தோர் மேலும் குற்றம் இல்லை. பெண்ணின் பெயரைச் சொல்லாமல் இருப்பதைத் தமிழ் ஒரு நெறியாகவே வைத்திருந்தது. அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுதல் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த வரம்பு. அந்த வரம்பினால் தலைவிக்குப் பெயரில்லை. பெயர் செய்ய வேண்டிய வேலையைச் செடிகள் செய்தன. புன்னை நிழலில் நிற்பவள் என்றால் அவள் நெய்தல் நிலத்தாள். அவள் காத்திருப்பு இன்ன வகையது. அவள் அழுகைக்கு இன்ன காரணம். முல்லை அரும்பியது என்றால் கார் வந்தது, வருவேன் என்றவன் வரவில்லை. பெயரில்லாத பெண்ணுக்குச் செடி முகவரியாக இருந்தது. பெண்ணைப் பூவுக்கு ஒப்பிடும் அழகு வேறு. இது நிலமும் பொழுதும் உணர்ச்சியும் ஒரு செடிக்குள் அடங்கி, அது ஒருத்தியைக் குறித்து நின்ற ஏற்பாடு. பிற்காலத்தில் பெண்ணின் பெயர் வெளிப்படையாக வழங்கலான போது, செடிப்பெயர்கள் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. வரும்போது நிலத்தையும் பொழுதையும் வழியில் விட்டுவிட்டு வந்தன என்பதே வருத்தம்.

சங்கப் புலவர்களிடையே செடியின் பெயரைத் தாங்கிய ஒருத்தியும் இருந்தாள். அள்ளூர் நன்முல்லையார். முல்லை என்றுகூட நிறுத்தாமல் நல்முல்லை என்று பெற்றோர் பெயரிட்டிருக்கிறார்கள். பெயரை மட்டும் கேட்டவர்கள் மெல்லிய மணம் வீசும் பாட்டுகளை எதிர்பார்த்து அவரிடம் போவார்கள். குறுந்தொகையின் 202-ஆம் பாட்டைப் படித்தவர்கள் அந்த எதிர்பார்ப்போடு திரும்பி வந்திருக்க முடியாது. அந்தப் பாட்டில் வருவது நெருஞ்சி. வறண்ட புன்செய் நிலத்தில் தரையோடு படர்ந்து கிடக்கும் சிற்றிலைச் செடி. அதன் மஞ்சள் நிறப் புதுப்பூ கண்ணுக்கு இனிது. அதே பூ காயாகும்போது முள்ளாகிறது. தொடக்கத்தில் இனியவனாக இருந்த கணவன் பின்னர் இன்னாதவன் ஆனதை, பரத்தையிடமிருந்து திரும்பி வந்தவனுக்கு வாயில் மறுக்கும் ஒருத்தியின் வாயில் வைத்துப் பேசுகிறார் நன்முல்லையார். ரோசாவுக்கு முள் காம்பில்தான் உண்டு. பூ பூவாகவே உதிரும். நெருஞ்சியில் பூவே முள்ளாகிறது. மணவாழ்வில் நேர்ந்த மாற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான செடி எந்த மொழியிலும் கிடைப்பது அரிது.

அவருடைய இன்னொரு பாட்டில், அதே தொகையின் 67-ஆம் பாட்டில், கிளி ஒன்று வேப்பம்பழத்தை வளைந்த அலகில் கவ்வியிருக்கிறது. புதுநூலில் கோப்பதற்காகப் பொற்காசைக் கூரிய நகத்தால் பற்றியிருக்கும் பொற்கொல்லனின் விரல் போல இருக்கிறது அது. வேம்பு, நெருஞ்சி. முல்லை என்ற பெயர் கொண்டவர் கைக்கொண்ட செடிகள் இவை. புன்செய்க் காட்டில் வெறுங்காலோடு நடந்து, நெருஞ்சி முள் தைத்து, நின்று பிடுங்கியவருக்கே வாய்க்கும் உவமை அது என்று எண்ண இடமுண்டு. பெயர் அவரை அடைத்து வைக்கவில்லை. அவரும் பெயரை மறுக்கவில்லை; பாட்டின் அடியில் அப்பெயர்தான் இருக்கிறது.

பெயரும் செடியும் நேருக்கு நேர் சந்திக்கும் ஓரிடம் சிலப்பதிகாரத்தில் உண்டு. மாதவி என்பது குருக்கத்திக் கொடியின் பெயர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இளங்கோவடிகள் மறக்கவில்லை. மாதவியின் ஓலையோடு கோவலனைத் தேடி வந்த கோசிகமாணி, மதுரைக்குப் போகும் வழியில் ஒருவனைக் காண்கிறான். வழிநடையால் உருவம் வேறுபட்டுப் போனதால், அவன்தான் கோவலனா என்று ஐயம். நேரே கேட்கத் தயக்கம். பக்கத்தில் குருக்கத்திப் பந்தர் ஒன்று கோடையில் பூவிழந்து வாடி நிற்கிறது. அந்தக் கொடியிடம் பேசுகிறான். கோவலனைப் பிரிந்து துயருற்ற மாதவியைப் போல, மாதவியே, நீயும் இந்த வேனிலுக்கு வருந்தினாய் போலும் என்று. காதில் அந்தப் பெயர் விழுந்ததும் கோவலன் நெருங்கி வந்து, நீ சொன்னது என்ன என்று கேட்கிறான். பெண்ணின் பெயர் உண்மையில் ஒரு கொடியின் பெயராக இருந்ததால் மட்டுமே நிகழக்கூடிய காட்சி இது. மலர்விழி என்ற பெயரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு காட்சியை எந்தக் காப்பியப் புலவனாலும் அமைக்க முடியாது. மலர்விழி என்று ஒரு செடி வழியில் நிற்காது.

குருக்கத்தியைக் கண்ணால் கண்டவர்கள் ‘கொடி போன்றவள்’ என்ற தொடரை அவ்வளவு எளிதாக எழுதமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கவிதைகளில் கொடி என்றால் மெலிவு, துவள்வு, கொழுகொம்பு இல்லையேல் வீழ்வு. குருக்கத்தி அந்த வகையைச் சேர்ந்ததன்று. தண்டு மரமாக வலுத்து, நெடுமரங்களின் உச்சிவரை ஏறி, அவற்றின் தலையில் கவிந்துகொள்ளும் வன்கொடி அது. வெள்ளிதழ்களில் ஒன்றில் மட்டும் மஞ்சள் தீட்டியிருக்கும், மணம் மிகுதி. காய்க்கு மூன்று சிறகுகள் உண்டு. காற்றில் சுழன்றுகொண்டே தொலைவுக்குப் போய் விழும். மொரீசியசு, ரீயூனியன் தீவுகளுக்கு அழகுக்கொடியாகக் கொண்டுபோனவர்கள், அது காட்டு மரங்களை மூடி அழுத்துவது கண்டு இப்போது அதை வெட்டிக் களைந்துகொண்டிருக்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்து மாதவி கோவலன் இறந்தபின் துவண்டு விழவில்லை. துறவு மேற்கொண்டாள், மகளைக் குலத்தொழிலுக்கு அனுப்ப மறுத்தாள். கொழுகொம்பைப் பற்றிய பழைய உவமை அவளிடம் செல்லுபடியாகவில்லை.

அந்த மகளுக்குப் பெயரிட்ட நிகழ்ச்சியும் நூலில் இருக்கிறது. தமிழிலுள்ள பழைய பெயர்சூட்டு விழாக்களுள் அது ஒன்று. கணிகையர் ஆயிரவர் கூடியிருக்க, பெயர் சொன்னவன் கோவலன். கொடியின் மகளுக்குப் பூவின் பெயரை அவன் தேடவில்லை. தன் முன்னோன் ஒருவன் கலமுடைந்து கடலில் தத்தளித்தபோது காத்த தெய்வத்தின் பெயரை, மணிமேகலை என்று, நன்றிக்காக இட்டான். இடுவதற்குக் காரணம் ஒன்று இருந்தது. அக்காரணத்தை மகள் வளர்ந்தபின் அவளுக்குச் சொல்லவும் முடியும்.

வள்ளியின் பெயருக்கும் அப்படி ஒரு காரணம் உண்டு. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தையை வேடர்கோன் நம்பி எடுத்து வளர்த்ததால் அவளுக்கு வள்ளி என்று பெயர். முருகனோடு சேர்ந்த வள்ளியை நற்றிணையே அறியும். இன்று வள்ளி என்ற சொல் கேட்டவுடன் கொடியிடையும் குறுநகையும் நினைவுக்கு வருகின்றன. அது கிழங்கின் பெயர், பசிக்கு உதவும் உணவின் பெயர். பாரியின் பறம்புமலை உழவர் உழாமலே தரும் நான்கு பொருள்களை அதே கபிலர் புறநானூற்றில் எண்ணுகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகையிட்ட மூவேந்தருக்கு எதிரே மலையைத் தாங்கி நின்ற உணவுகளுள் ஒன்று வள்ளி. அந்தப் பெயர் பூண்ட பெண் புராணத்திலும் கவண் ஏந்திப் பரண் மேல் நிற்கிறாள்.

ஏட்டை விட்டு ஊருக்குள் வந்தால் பெயர்கள் இன்னும் நேரானவை. வேம்பு, வேம்பம்மாள், மருதாயி, மருதம்மாள், செண்பகம், துளசி, செவ்வந்தி. இவற்றை இட்டவர்கள் பூவின் அழகைப் பற்றி அதிகம் எண்ணியவர்கள் அல்லர். ஊர்க்கோயில் மரத்துக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை, அம்மை வார்த்துப் பிழைத்த பிள்ளை, மரத்தடியில் தொட்டில் கட்டி வேண்டிய பிள்ளை. வேம்பு என்பது பாண்டியர் குடிப்பூ என்பது அந்தத் தாய்மாருக்குத் தெரிந்திருக்காது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது தெரியும். அதே ஊர்களில் பெண் குழந்தைகளுக்குப் ‘போதும்பொண்ணு’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் பெயர் வைத்ததும் உண்டு. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்ற நம்பிக்கையில் ஒரு குழந்தையின் தலையில் காலமெல்லாம் சுமத்திய சொற்கள். அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வேம்பு, மருதாயி ஆகிய பெயர்களின் மதிப்பு விளங்கும். வேண்டிப் பெற்றோம் என்று ஊரறியச் சொல்லும் பெயர்கள் அவை. நகரத்துப் பள்ளியில் சேர்ந்ததும் அந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்பதற்காகப் பெண்கள் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சிரித்தவர்களில் தமிழ் படித்தவர்களும் உண்டு.

வடமொழி வழிவந்த பூப்பெயர்களைப் பற்றி இத்தகைய மேடைகளில் பேசும்போது குரல் சற்று உயர்வது வழக்கம். பொறுமையாகப் பார்த்தால் அங்கும் கற்பதற்கு உண்டு. தாமரை ஒன்றுக்கே எத்தனை பெண்பெயர்கள்! கமலா, பத்மா, சரோஜா, பங்கஜம், அம்புஜம், ஜலஜா, நீரஜா, நளினி. இவற்றுள் பங்கஜம் என்றால் சேற்றில் பிறந்தது. சரோஜா என்றால் பொய்கையில் பிறந்தது. அம்புஜம், ஜலஜா, நீரஜா மூன்றும் நீரில் பிறந்தவை. நளினி என்பது தாமரைகள் நிறைந்த பொய்கையையே குறிக்கும். சேற்றில் பிறந்தவள் என்று மகளுக்குப் பெயரிட யாரும் கூசவில்லை. பெயரின் பொருள் தெரியாததால் கூசவில்லை என்பது ஒரு விடை. முதலில் இட்டவர்கள் சேற்றையும் செடியையும் கண்டு இட்டார்கள் என்பது இன்னொரு விடை. எப்படியாயினும் அந்தப் பெயர்களுக்குள் பூவோடு குளமும் சேறும் இருக்கின்றன.

1916-ஆம் ஆண்டில் வேதாசலம் என்ற பெயர் மறைமலை ஆயிற்று. தனித்தமிழ் இயக்கம் எழுந்தது. அதன்பின் ஒரு தலைமுறையே தன் பெயரைத் தானே பெயர்த்துக்கொண்டது. அடுத்த தலைமுறைக்குப் பிறப்பிலேயே தமிழ்ப்பெயர் கிடைத்தது. தாமரைச்செல்வியும் அல்லியும் மலர்விழியும் கயல்விழியும் தேன்மொழியும் பள்ளிப் பதிவேட்டில் ஏறினார்கள். ஒரு மொழிக்குத் தன் பிள்ளைகளின் பெயரில் இடமில்லாமல் போய்க்கொண்டிருந்த நிலையை மாற்றியது சிறு செயலன்று. இன்று பூப்பெயர் கேட்டு ஒருவர் கவிஞர் வீட்டு வாசலில் வந்து நிற்பதே அந்த இயக்கத்தின் விளைவு. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வேகத்தில் பெண்ணுக்கு வாய்த்தவற்றில் பெரும்பகுதி உறுப்புப் பெயர்கள்: விழி, மொழி, குழல், நுதல், இடை. ஆணுக்கு அறிவும் வெற்றியும் வேலும் கிடைத்தன. பெண்ணுக்குப் பூ கிடைத்தது, அதுவும் அவள் கண்ணுக்கோ கூந்தலுக்கோ அடைமொழியாக. வண்டார்குழலி என்று திருவாலங்காட்டு அம்மைக்குப் பெயர் வழங்குவது வேறு. கோயிலுக்குள் அந்தப் பெயருக்கு ஆடல் பற்றிய ஒரு கதையும் ஒரு காடும் துணை நிற்கின்றன.

இந்தப் பேச்சு ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதுமன்று. யாஸ்மின் என்பது மல்லிகை வகை. ரைஹானா என்ற பெயரில் திருநீற்றுப்பச்சை இனத்தின் மணம் இருக்கிறது. நஸ்ரின் காட்டு ரோசா. சூசன்னா என்ற எபிரேயப் பெயர் லீலி மலர். ஒரே தெருவில் மூன்று வீட்டுப் பெண்கள் மல்லிகா, யாஸ்மின், ஜாஸ்மின் என்று மூன்று முறை ஒரே பூவாக இருக்கிறார்கள்; மாலையில் மூவருக்கும் பூ விற்கும் அம்மாள் ஒருத்திதான்.

இனி, பெயர் கேட்டு வருவோருக்குக் கவிஞர் என்ன சொல்லலாம் என்பதற்கு வருவோம்.

அனிச்சம் என்று சொல்லாதிருப்பது நல்லது. வள்ளுவர் நான்கு குறட்பாக்களில் அதை ஆண்டிருக்கிறார் என்பது உண்மை. விருந்தோம்பலில் ஒருமுறையும் காமத்துப்பாலில் மூன்று முறையும். மோந்தால் வாடும், மாதர் அடிக்கு அதுவும் நெருஞ்சிப் பழமாகும் என்பதன்றி அந்தச் செடி இன்னதென்று ஐயமின்றிக் காட்ட எவராலும் இயலவில்லை. பார்க்க முடியாத ஒரு மென்மையைச் சுமந்துகொண்டு பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

காந்தள் என்று சொல்லலாம். தமிழ்நாட்டின் மாநில மலர்; ஈழத்தில் கார்த்திகைப் பூ; சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் அதுவே. நெருப்பு நிறத்தில் இதழ்கள் மேல்நோக்கி எரியும். சங்கப் பாட்டில் பெண்ணின் விரலுக்கு உவமையாகி அலுத்துப்போன பூ. ஆனால் அதன் கிழங்கு கடுநஞ்சு. அந்த நஞ்சிலிருந்தே கால்சிசின் என்னும் மருந்து கிடைக்கிறது. யூரிக் அமிலம் தங்கி வரும் மூட்டுவாதத்துக்கு மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று அதைப் பயிரிட்டு, விதையை நல்ல விலைக்கு விற்கிறார்கள். விரலுக்கு உவமை சொல்லும் கவிஞர் இந்தக் கிழங்கையும் சேர்த்துச் சொன்னால் பெயர் கேட்க வந்தவர் சற்றுத் தயங்கக்கூடும். தயங்கியபின் ஏற்றுக்கொண்டால் அந்தப் பெண்ணுக்குப் பெயரோடு ஒரு கதையும் கிடைக்கும்.

மகிழ் என்ற பெயரை அண்மைக் காலத்தில் இளம்பெற்றோர் விரும்பிச் சூட்டுகிறார்கள். மகிழ்ச்சி என்ற பொருளில்தான் பெரும்பாலோர் சூட்டுகிறார்கள். மகிழ மரம் அவர்கள் நினைவில் இல்லை. அது வகுளம். நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்ற பெயரைத் தந்த பூ. காய்ந்து பழுப்பேறியபின்னும் மணம் விடாத பூ தமிழ்நாட்டில் அதைப்போல் அரிது. தாளுக்கிடையில் வைத்து மறந்துபோன மகிழம்பூவைப் பல ஆண்டு கழித்து எடுத்தவர்களுக்கு இது தெரியும். இட்ட பெயரை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் வெளிச்சுற்றில் நிற்கும் மரத்தடிக்கு அந்தக் குழந்தையை ஒருமுறை அழைத்துப் போகச் சொன்னால் போதும்.

சொல்லின் ஓசையையும் கவனிக்க வேண்டும். பெயர் என்பது ஏட்டில் எழுதுவதற்கு முன் தெருவில் கூப்பிடுவதற்கு. செங்காந்தள் இரண்டே நாளில் காந்தாவாகும். முல்லை ‘முல்ல’ ஆகும், அதில் கேடில்லை. தாழை, மகிழ் முதலிய பெயர்களில் வரும் ழகரம் ஆங்கில எழுத்தில் ஏறும்போது கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் மதிப்பெண் பட்டியலில் ஒருவிதமாகவும் பதிவாகிப் பிற்காலத்தில் அலுவலகங்களில் அலைய வைக்கும். தொடக்கத்திலேயே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்துகொள்ளுமாறு பெற்றோரிடம் சொல்வது கவிஞரின் தகுதிக்குக் குறைவாகாது. ழகரம் வரும் பெயரை விட்டுவிடச் சொல்வதே குறைவு.

கடைசியாகக் குறிஞ்சி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை முழுதும் நீலமாகும் அந்தச் செடி 2006-இல் பூத்தது; பின்னர் 2018-இல் பூத்தது; அடுத்தது 2030. பழனிமலைப் பளியர் அதன் பூப்பைக் கொண்டு வயதைக் கணக்கிட்டதாகச் சொல்வதுண்டு. பூத்துக் காய்த்ததும் அந்தத் தலைமுறைச் செடிகள் முழுவதும் மடிந்து, விழுந்த விதையிலிருந்து அடுத்த தலைமுறை எழ வேண்டும். இடையிலுள்ள பன்னிரண்டு ஆண்டுகளில் புல்வெளியில் தைலமரமும் சீகையும் வந்து மூடிவிட்டால், வீடுகள் வந்துவிட்டால், விதைக்கு இடமில்லை. 2024-ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாகச் சேர்க்கப்பட்டது. 2018-இல் பிறந்து குறிஞ்சி என்று பெயர் பெற்ற பெண்ணுக்கு அடுத்த பூப்பின்போது வயது பன்னிரண்டு இருக்கும். கொடைக்கானல் சரிவில் நின்று, எது என் பூ என்று கேட்கும் வயது. அப்போது சுட்டிக்காட்ட மலையில் அது இருந்தாக வேண்டும். இது என்று சொல்லத் தெரிந்த ஒருவரும் உடன் இருந்தாக வேண்டும்.